மூட்டையில் ஒட்டிய சிவப்பு அம்பு

புதுப் பனியனுக்கென்று ஒரு வாசம் இருக்கிறது. நீராவி இஸ்திரியும் மிஷின் எண்ணெயும் இன்னும் தண்ணீரைக் காணாத பருத்தியும் சேர்ந்த வாசம். திருப்பூர்க்காரர்களுக்கு அது வாசமே அல்ல, ஊர்க்காற்று. நான் நடுவில் சில வருடங்கள் வெளியூரில் அலைந்துவிட்டுத் திரும்பியவன். அதனால் எனக்கு அது இன்னமும் மூக்கில் ஏறுகிறது.

சென்ற வாரம் ஒரு செகண்ட்ஸ் கடையில், ஏற்றுமதிக்கு ஆகாதென்று கழித்த துணிகளைக் குவித்து விற்கும் கடையில், அந்த வாசத்துக்காகவே ஒரு பனியனை எடுத்து விரித்தேன். விலாப்புறம் சிவப்பாக ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர். குற்றம் இங்கே என்று காட்டும் அம்பு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கழற்றிவிட்டுப் பார்த்தேன், இன்னும் மோசம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பிறகு ஏதோ நினைவு வந்து, கண்ணை மூடி, உள்ளங்கையைத் துணியின் மேல் மெல்ல ஓட்டினேன். அம்பின் முனை தொட்ட இடத்தில் ஒரே ஒரு கண்ணி விட்டிருந்தது. எள்ளளவு பள்ளம்.

அப்படியே நின்றுவிட்டேன். என் கை என் கையாக இல்லை. குண்டடம் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெண்மணியின் கையாக இருந்தது.

நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளன். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போடுவதும் படிவம் நிரப்புவதும் வேலை. அந்த ஊருக்குப் பொதுவாக ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், ஒரு காலத்தில் இடுப்பளவு கொழுக்கட்டைப் புல் நின்ற செம்மண். நான் போனபோது வேலியும் மரங்களும் இருந்தன, புல் ஓரமாகத் திட்டுத் திட்டாக மட்டும் நின்றது. அந்தப் புல்லை மீட்டுத் தருவதுதான் எங்கள் திட்டம்.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் ஊரில் பாதிப் பெண்கள் இருக்கமாட்டார்கள். விடிந்ததும் வேன் வந்து பனியன் கம்பெனிக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். சமுதாயக் கூடத்துத் தரையில் கோலமாவால் ஊரின் படத்தை வரையச் சொன்னோம். எல்லோரும் குனிந்து ஆளுக்கொரு கோடு இழுத்தார்கள். அந்தப் பெண்மணி மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். கடைசியில் முந்தியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். சரக் என்று ஒரு சத்தம். ஊரின் வடக்கு மூலையில், நாங்கள் குளம் என்று எழுதிய இடத்துக்கு நேராக, சிவப்பு அம்பு ஒன்றைத் தரையிலேயே ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

“அது என்னங்க்கா?” என்று கேட்டேன்.

“பாத்துக்குங்க” என்றார்.

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். “அந்தக்கா அப்பிடித்தானுங்க. செக்கிங்ல இருக்குது. ஊட்டுலயும் அதே சோலி.”

மறுநாள் வடக்கு மூலைக்குப் போய்ப் பார்த்தேன். குளம் என்று எங்கள் வரைபடத்தில் இருந்தது குளம் அல்ல, மண் எடுத்த பள்ளம். ஒரு மழைத் தண்ணீர்கூட நிற்காது. ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முகம் முழுதாக வருவதில்லை, அம்புகள்தான் வருகின்றன. கம்பெனியில் பாதி தீர்ந்து வீசும் ஸ்டிக்கர் தாள்களை அவர் பொறுக்கி வருவார். பஞ்சாயத்துக் குழாயின் சொட்டும் திருகில் ஓர் அம்பு. மினி பஸ்ஸில் ஆணி நீட்டிய இருக்கையில் ஓர் அம்பு. டீக்கடையில் ஒரு முறை, தட்டில் இருந்த வடையின் மேல். கடைக்காரர் கோபிக்கவில்லை. வடையைப் பிட்டுப் பார்த்து, உள்ளே வேகவில்லை என்று கண்டு, மறுபடி எண்ணெயில் போட்டார்.

அவர் கணவர் விசைத்தறி ஓட்டுகிறவர், லேசான மனிதர். “ஊரு பூரா ஒட்டறா. எம்மேல ஒட்டாம உட்டாளே, அதுக்கே கும்புடோணுங்க” என்பார்.

“உங்களுக்கு ஒட்டோணும்னா ஒரு ஷீட்டு பத்தாதுங்களே” என்பார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

அந்த அம்புக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை எனக்குச் சொன்னது ஒரு மாலை, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்தில், அவர் வேன் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது. ஏன் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று கேட்டேன்.

“செக்கிங் டேபிள்ல பேசப்படாதுங்க தம்பி. பேசுனா கவனம் ஓடிப் போயிரும். குத்தம் எங்கன்னு காட்டறது எம்பட வேலை. என்னன்னு பாத்துச் செரி பண்றது தைக்கறவங்க வேலை. செரி பண்ணுனவங்கதான் ஸ்டிக்கரை எடுக்கோணும். வேற ஆரும் தொடப்படாது. ஸ்டிக்கர் இல்லீன்னா பீஸு செரியாயிருச்சுன்னு அர்த்தம். பொட்டியில போட்டுருவாங்க, கப்பலேறிப் போயிரும்.”

சொல்லிவிட்டு நடந்தார். நான் அதை ஒரு தொழில் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

எங்கள் படிவம் ஒன்று இருந்தது. வீடு வீடாகப் போய் நிரப்ப வேண்டும். சொந்த ஆடுகள் எத்தனை என்று அவரிடம் கேட்டேன். “சொந்தமா ஒண்ணுமில்லீங்க.” ஆனால் கொட்டகையில் இரண்டு செம்மறிகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. அவை வாரத்து ஆடுகள்; அடுத்த தெருப் பெரியவரின் ஆடுகளை இவர் வளர்ப்பார், குட்டிகளில் பாதி இவருக்கு. ஊரில் பாதி ஆடுகள் அப்படித்தான் இருந்தன. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் எங்கள் கணக்கில் அந்த ஊரில் ஆடே கிடையாது.

கடைசி வரியை நான் வாசித்தேன். “பாரம்பரிய அறிவு, அடைப்புக்குறிக்குள், ஏதேனும் இருந்தால்.”

அவர் கை முந்திக்குப் போனது. “அந்த வரி எங்கீங்க இருக்குது, தொட்டுக் காட்டுங்க.”

தொட்டுக் காட்டினேன். என் விரலைத் தன் விரலால் தடவி, அதன் நுனி நின்ற வரியில் அம்பை ஒட்டினார். ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது நான் அவர் கண்களைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

“கிட்டத்துல தெரியறதில்லீங்க. ரெண்டு வருசமாச்சு. கையிலதான் பீஸு பாக்கறேன். சூப்பர்வைசருக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திருவாங்க.” குரலைத் தாழ்த்தவில்லை, ஆட்டுக்குத் தழை போடுகிற குரலிலேயே சொன்னார். “காடு பச்சையாச்சுன்னா பெரியவரு எட்டு ஆடு தாரேன்னிருக்காரு. எட்டு ஆடு இருந்தா நான் அந்த வேன்ல ஏற மாட்டேனுங்க. புல்லு மட்டும் வரோணும்.”

அதற்குப் பிறகு அந்தத் திட்டம் எனக்குத் திட்டமாக இல்லை. எட்டு ஆடுகளாக இருந்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில், கோடை மழைக்குக் கதிர் விட்டு முற்றிய புல்லிலிருந்து ஊர்க்காரர்களே விதை உருவித் தந்தார்கள். ஏழு சாக்கு. பொன்னிறத்தில் பஞ்சு போல விதை, கையில் அள்ளினால் சட்டையெல்லாம் ஒட்டும். எங்கள் ஆலோசகர் வந்து கூட்டம் போட்டார். நல்லவர், படித்தவர், சுவரில் படம் காட்டிப் பேசினார். நடுவில் பின்வரிசையிலிருந்து அந்தப் பெண்மணி எழுந்தார். நானறிய ஊர்க்கூட்டத்தில் அவர் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.

“அந்த வெதைங்க...”

“கேள்வியெல்லாம் கடைசில வெச்சுக்கலாம்மா” என்றார் ஆலோசகர், சிரித்த முகமாக.

கடைசி வரவில்லை. அன்று கம்பெனியில் அவசரக் கப்பல். ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்து ஆரன் அடித்தது, பெண்கள் எழுந்து ஓடினார்கள். அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதியவன் நான்தான். ‘பெண்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதினேன். இன்றைக்கு வரைக்கும் நான் எழுதிய வரிகளில் எனக்கு மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான்.

புரட்டாசியில் விதைப்பு. அதற்கு முதல் நாள் மாலை வேனிலிருந்து இறங்கியவர் நேராகச் சமுதாயக் கூடத்துக்கு வந்தார். நான் வாசலில் போனில் தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். காலையில் அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள், கேமராவும் வருகிறது. அவர் ஒவ்வொரு சாக்கிலும் முழங்கை வரைக்கும் கையை விட்டு, உள்ளேயே வைத்துக்கொண்டு, யாரோ காதில் சொல்வதைக் கேட்பவர் போல நின்றார். ஏழு முறை. பிறகு ஏழு சரக்.

அவர் போன பிறகு சாக்குகளைப் பார்த்தேன். ஏழிலும் ஏழு அம்பு.

நான் என்ன செய்தேன் தெரியுமா. சாக்கில் ஓட்டை தேடினேன். எலி கடித்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் புரட்டினேன், அடியைத் தட்டினேன், மூலைகளைப் பிதுக்கினேன். எல்லாச் சாக்கும் புதுச் சாக்கு, ஒரு குற்றமும் இல்லை. அக்காவுக்குக் கை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். கண் வேறு தெரியவில்லை, பாவம், என்று அதற்கு மேலும் ஓர் இரக்கம். வருகிறவர்கள் படம் எடுக்கும்போது சாக்கில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தால் நன்றாக இருக்காது. ஏழையும் உரித்து, சின்ன உருண்டையாக உருட்டி, வேலிப் பக்கம் எறிந்தேன்.

காலையில் ஆட்கள் சீக்கிரமே விதையைச் செம்மண்ணோடும் சாணிக் கரைசலோடும் பிசைந்துவிட்டார்கள். இல்லாவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். அவர் வந்தபோது எல்லாம் சின்னச் சின்ன மண் உருண்டை. உள்ளே எந்த விதை என்று எந்தக் கைக்கும் தெரியாது. காலிச் சாக்குகள் வேலியில் தொங்கின. அவர் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார்.

“எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேங்க்கா.”

“ஏழும்?”

“ஏழும்.”

அவர் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் சரியாகப் பார்த்தேன். அது எனக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். “செரீங்க” என்றார். கூடையை இடுப்பில் வைத்து, எல்லோரையும் முந்திக்கொண்டு விதைக்கப் போனார்.

மறுநாள் வேன் அவர் வீட்டு முன் நின்றது, அவர் ஏறவில்லை. வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். அந்த வாரமே பெரியவரின் எட்டு ஆடுகள் அவர் கொட்டகைக்கு வந்தன.

ஐப்பசியில் நல்ல மழை. குறை சொல்ல முடியாத மழை. பத்து நாள் பார்த்தோம், இருபது நாள் பார்த்தோம். பக்கத்துக் காடுகளெல்லாம் பச்சை கட்டின. நாங்கள் உழுது விதைத்த மண் சிவப்பாகவே கிடந்தது. பிறகு முளைத்தது, பார்த்தீனியம்.

ஒரு காலையில் அவர் என்னை அழைக்காமலே காட்டுக்குள் நடந்தார். நான் பின்னால் போனேன். குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணைக் கிளறி, ஓர் உருண்டையை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கினார். உள்ளிருந்த விதையைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். வெகு நேரம்.

“புது வெதைங்க இது” என்றார்.

“ஆமாங்க்கா. ஆடியில எடுத்ததுதானே.”

“இது ஒரு வருசம் தூங்குமுங்க. பரண்ல போட்டுப் பழசாக்கித்தான் வெதைக்கோணும். புதுசு சொரசொரன்னு கையக் குத்தும். பழசு மெத்துன்னு இருக்கும். ஊட்டுக்கு ஊடு பரண்ல போன வருசத்துது கெடக்குதுங்களே.” என் பக்கம் திரும்பாமலே பேசினார். “ஸ்டிக்கர் இல்லீங்களே. செரி பண்ணீட்டீங்கன்னு நெனச்சேன். பழைய வெதை வாங்கி மாத்தீட்டீங்கன்னு. எங்கூட்டுல மட்டும் கேக்கலியேன்னு மனசுக்குக் கொஞ்சம் சங்கட்டமா இருந்துச்சு.”

வேலிக்கு அப்பால் எட்டு ஆடுகளும் எங்களைப் பார்த்துக் கத்தின.

என் குற்றத்திலேயே ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கப் பார்த்தேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க்கா” என்றேன்.

“ஒட்டுனேனுல்லீங்க” என்றார்.

கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இத்தனை வருடம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன். ஊரில் மற்றவர்களைக் கேட்டேன். ‘நீங்க படிச்சவங்க, வெதைக்கு ஏதோ மருந்து வெச்சிருப்பீங்கன்னு நெனச்சோமுங்க’ என்றார்கள். அவர்கள் எங்களை நம்பினார்கள், அவர் தன் அம்பை நம்பினார். நாங்கள் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பயிர் போகும் என்று தெரிந்த ஒருவர், அம்பை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கினார்? அந்தப் பிடிவாதம் எனக்கு இன்றும் முழுதாகப் புரியவில்லை. சில நாட்கள் அது மரியாதையாகத் தெரிகிறது. சில நாட்கள் பயமாகத் தெரிகிறது. பின்வரிசையில் எழுந்து ஆரம்பித்த அந்த முடியாத வாக்கியம் நினைவுக்கு வரும்போது, வேறு என்னதான் செய்திருப்பார் என்றும் தோன்றுகிறது.

காட்டைவிட்டு வெளியேறும்போது அவர் சொன்னார்: “சாகலீங்க, தூங்குது. அடுத்த ஐப்பசிக்கு எந்திரிக்கும். அது வரைக்கும் ஆரையும் உழுக மட்டும் உட்றாதீங்க தம்பி. பொரட்டுனா ஆழத்துல போயிரும்.”

தலைமை அலுவலகத்துக்கு அவசரம். மறுபடி உழுது, மரக்கன்று வைத்து, படம் எடுத்து முடிக்க வேண்டும். விதை தூங்குகிறது, ஒரு வருடம் பொறுங்கள் என்று எழுதினேன். எந்த அடிப்படையில் என்று கேட்டார்கள். அவருடைய வார்த்தைகளை அப்படியே படிவத்தின் அந்தக் கடைசி வரியில் எழுதி, ‘ஏதேனும் இருந்தால்’ என்பதை அடித்து அனுப்பினேன். பதில் வரவில்லை. டிராக்டர் வரும் என்று மட்டும் சேதி வந்தது. அதற்கு முன்னால் நானும் அவர் கணவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து, காட்டுக்குள் டிராக்டர் நுழையும் வாயை அடைத்துக் கிளுவைப் போத்துகளை, நட்டால் வேர்பிடிக்கும் கொம்புகளை, நெருக்கி நட்டோம். என் முன்கையில் முள் கிழித்த கோடு ஒன்று இன்னும் இருக்கிறது. வந்த டிராக்டர்க்காரர் இறங்கிப் பார்த்தார். உள்ளூர்க்காரர். “நட்ட வேலிய நானெப்படீங்க புடுங்கறது” என்று திரும்பிப் போனார். மாசியில் என்னையும் வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள்.

அடுத்த ஐப்பசியில் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தேன். முழங்கால் அளவுக்குப் புல். காற்று வந்தபோது காடு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தது. வேறு யாருடைய ஆடுகளோ மேய்ந்துகொண்டிருந்தன. அவருக்கு அந்தப் புல்லைக் காட்ட அந்த ஊரில் அவர் இல்லை. அவர் குடிபோன பெருமாநல்லூரில் தேடினேன், அங்கும் வாடகை லைன் வீடு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். அவர் வந்து பார்த்தாரா, கையால் தடவினாரா, எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது அதற்கு முந்தைய தை மாதத்துக் காலை மட்டும். மேய்ச்சல் இல்லாமல் எட்டு ஆடுகளையும் பெரியவரிடம் திருப்பி ஓட்டியாகிவிட்டது. பழைய கம்பெனியில் இப்போது கண் பரிசோதனை வைத்திருந்தார்கள். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் வெட்டுத் துணிக் கழிவைப் பிரிக்கிற வேலை கிடைத்தது; கையால் தடவியே ரகம் பிரிக்கலாம், கண் வேண்டாம். வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு சின்ன லாரியில் சாமான். முன்னால் டிரைவர், கணவர், ஜன்னலோரம் அவர்.

நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். “அக்கா, அந்த ஏழையும் நான் எடுத்திருக்கக் கூடாது” என்றேன். அதைச் சொல்லத்தான் இரவெல்லாம் வாக்கியம் தேடியிருந்தேன்.

அவர் கையை வெளியே நீட்டி என் சட்டையின் மார்பில் வைத்தார். துணியைத் தடவுகிறார் என்று உடனே தெரிந்தது. உள்ளங்கை பாக்கெட்டின் ஓரமாக இறங்கி, ஓர் இடத்தில் நின்றது. மறு கை முந்திக்குப் போனது. மடித்த தாளின் சிவப்பு ஓரம் எட்டிப் பார்த்தது. சரக் என்ற சத்தத்துக்கு நான் காத்திருந்தேன். வரவில்லை. தாளை மறுபடி முந்திக்குள் செருகிக்கொண்டார். லாரி உறுமியது.

“ஸ்டிக்கர் தீந்து போச்சுங்க தம்பி, அதான் வாயில சொல்றேன். பாக்கெட்டோரம் மூணு தையல் உட்டுருக்குது. இன்னைக்கே தெச்சுக்குங்க.”